இளகாத இரும்பு

கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருப்பவரிடம் அலமாரியின் அடித்தட்டைத் துழாவிப் பார்க்கச் சொல்லுங்கள். துளையிடும் இயந்திரத்தில் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் பழைய ட்ரில் சக் ஒன்று அகப்படக்கூடும். பல வருடம் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். துடைத்தால் கொஞ்சம் மங்கியிருக்கும், அவ்வளவுதான். சாவியைப் போட்டுத் திருப்பினால் சுழலும். அதே சக்கினை ரயிலில் ஏற்றி, பாலக்காட்டுக் கணவாய் வழியே எர்ணாகுளம் கொண்டுவந்து, மட்டாஞ்சேரியில் ஒரு ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். ஒரே ஒரு இடவப்பாதி போதும். ஜூனில் தொடங்கும் தென்மேற்கு மழைக்கு மலையாளத்தில் அதுதான் பெயர். மழை ஓய்ந்து எடுக்கும்போது சக் செங்கல் நிறத்தில் இருக்கும், சாவிக்கு அசையாது.

இரண்டு ஊர்களுக்கும் நடுவே இருநூறு கிலோமீட்டர்கூட இல்லை. இரும்பும் அதே இரும்பு. பிறகு ஏன் இப்படி?

இந்தக் கேள்வியோடுதான் மட்டாஞ்சேரிச் சந்து ஒன்றிலிருந்த ஆக்ரிக்கடைக்குள் நுழைந்தேன். நாம் காயலான் கடை என்பதை அங்கே அப்படிச் சொல்கிறார்கள். படகு என்ஜின் உதிரிகளுக்கு நடுவே 13 மில்லிமீட்டர் சக் ஒன்று கிடந்தது. கையில் எடுத்துத் திருக்கிப் பார்த்தேன். கடைக்காரர் தலையை ஆட்டி, "சேட்டா, அது இளகில்லா" என்றார். இளகாது என்று அவர் சொன்னதையே ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டு 150 ரூபாய் கொடுத்து வாங்கிவந்தேன். இந்த அத்தியாயம் முழுக்க அந்த ஒரு சக் நம் மேஜையில் இருக்கப் போகிறது.

உப்புச் சாடி சொல்வது

துரு பிடிக்க இரும்பு, ஆக்சிஜன், நீர் மூன்றும் வேண்டும் என்று பள்ளியில் படித்தோம். ஜன்னலோரம் இருந்த சக்கின் மேல் யாரும் நீர் ஊற்றவில்லையே என்று தோன்றும். காற்றில் இருக்கும் ஈரமே போதும். 1930களில் வெர்னான் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் ஒரு விஷயத்தைக் கண்டார். காற்றின் ஈரப்பதம் ஏறுவதற்கு ஏற்பத் துரு படிப்படியாக அதிகமாவதில்லை. சுமார் 60 சதவீதம் வரை பெரிதாக ஒன்றும் நடக்காது. அந்த வாசலைத் தாண்டினால் அரிப்பு விறுவிறுவென்று கூடும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம் ஒன்று இரும்பின் மேல் விரிந்துவிடுவதுதான் காரணம்.

கோயம்புத்தூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறது. கொச்சியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை. மழைக்காலத்தில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேலேயே நிற்கும். வெர்னானின் வாசல் அங்கே மாதக்கணக்கில் திறந்தே கிடக்கிறது.

போதாததற்கு உப்பு. மழைக்காலத்தில் சமையலறைக் கல்லுப்புச் சாடியின் அடியில் நீர் கசிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நீர் எங்கிருந்து வந்தது? காற்றிலிருந்துதான். ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்து அதில் தானே கரைந்துவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கோ 33 சதவீதமே போதும். இந்தக் குணத்தை 'ஈரமிழுத்துக் கரைதல்' என்று சொல்லிக்கொள்வோம். கடற்காற்று கொண்டுவரும் உப்புத் துகள் ஒன்று இரும்பின் மேல் உட்கார்ந்தால், வெளியே வெயில் அடிக்கும்போதும் அந்தப் புள்ளி மட்டும் ஈரமாகவே இருக்கும். அதுவும் வெறும் நீரல்ல, மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் உப்புநீர்.

கடலோரம் எவ்வளவு தூரம் இரும்பைத் தின்னும் என்பதை நம்மூரிலேயே பல காலமாக அளந்துவருகிறார்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடிக்கு வந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953இல் திறக்கப்பட்டது. அரிமானம், அதாவது உலோகம் சூழலால் அரிபடுவது, அதன் முதன்மையான துறைகளில் ஒன்று. மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளைக் காற்றுக்கும் கடலுக்கும் காட்டி, எது எவ்வளவு தேய்கிறது என்று நிறுத்துப் பார்த்தார்கள். 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தைக் காப்பாற்றி வைத்திருந்த அத்தனை தலைமுறைப் பணியாளர்களும் பெயின்ட் டப்பாவைக் கீழே வைக்க முடியாமல் போனதற்குக் காரணம் இதே உப்புத்தான்.

ஒரு சொட்டில் ஒரு பேட்டரி

என் சக்கின் வெளிப்புறம் பார்க்க மோசமாக இருந்தது. ஆனால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்ததும் செம்பொடி உதிர்ந்து, அடியில் நல்ல உலோகம் தெரிந்தது. காற்றும் வெளிச்சமும் எட்டாத உட்பக்கம்தான் இறுகியிருந்தது. துருவுக்கு ஆக்சிஜன் வேண்டுமென்றால் வெளிப்புறமல்லவா அதிகம் கெட்டிருக்க வேண்டும்?

கேம்பிரிட்ஜில் யூலிக் ஈவான்ஸ் என்பவர் 1920களில் இதற்கு ஒரு சொட்டு உப்புநீரைக் கொண்டு விடை சொன்னார். நன்றாகத் தேய்த்த இரும்புத் தகட்டின் மேல் ஒரு சொட்டை வைத்தார். சொட்டின் விளிம்பு மெல்லியது, அங்கே காற்றின் ஆக்சிஜன் எளிதில் கரைந்து இரும்பை எட்டும். நடுவே நீர் ஆழமாக இருப்பதால் ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துபோகும். இந்த ஏற்றத்தாழ்வே ஒரு குட்டி பேட்டரியை உண்டாக்குகிறது. ஆக்சிஜன் குறைந்த நடுப்பகுதியில் இரும்பு கரைந்து எலக்ட்ரான்களை விடுகிறது. அவை உலோகத்துக்குள்ளேயே ஓடி விளிம்புக்குப் போய், அங்கே காத்திருக்கும் ஆக்சிஜனைச் சேர்கின்றன. கரைந்த இரும்பும், விளிம்பில் ஆக்சிஜனிலிருந்து உண்டாகி வருவதும் இடையில் சந்திக்கும் இடத்தில் துரு வளையமாகப் படிகிறது.

ஆகவே துரு தெரியும் இடம் ஒன்று, இரும்பு கரையும் இடம் இன்னொன்று. இங்கே கரைவது ஆக்சிஜனுக்குத் தவிக்கும் மூலையில்தான். இதை நீங்களே பார்க்கலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த இரும்புத் துண்டின் மேல் ஒரு சொட்டு உப்புநீரை விட்டு, ஓரிரு மணி நேரம் கழித்துத் துடையுங்கள். பழுப்பு வளையமும் அதன் நடுவே அரிக்கப்பட்ட மங்கலும் தெரியும்.

சக்கின் உட்பக்கம் முழுக்க இடுக்குகள். ஒரு இடுக்குக்குள் போன உப்பீரம் வெளியே வராது, புதுக் காற்றும் உள்ளே போகாது. ஈவான்ஸின் சொட்டில் நடுப்பகுதி எதுவோ, சக்கில் இடுக்கு அதுவே.

இறுகியதன் கணக்கு

இப்போது இந்த அத்தியாயத்தின் மையத்துக்கு வருகிறோம். இறுகிப்போன சக்கினைப் பார்த்ததும் பெரும்பாலோர் 'உள்ளே எல்லாம் அரித்துப் போயிருக்கும்' என்று முடிவுகட்டி எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். அது அவசர முடிவு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

துருவாக மாறும் இரும்பு, இருந்த இடத்தைவிட அதிக இடத்தை அடைக்கும். துருவின் வகையைப் பொறுத்து இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை. கடற்கரை வீடுகளில் கான்கிரீட் பிளந்து கம்பி வெளியே தெரிவது இந்த வீக்கத்தால்தான். நம் கணக்குக்கு நடுத்தரமாக மூன்று மடங்கு என்று வைப்போம். சக்கில் பிட்டைக் கவ்வும் தாடை ஒன்று தன் துளைக்குள் ஏறி இறங்க அதைச் சுற்றி 0.05 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதாகக் கொள்வோம். தலைமுடியின் தடிமனை ஒட்டிய அளவு அது. தாடையின் பரப்பில் 0.02 மில்லிமீட்டர் இரும்பு துருவாகிறது. அது 0.06 ஆக வீங்குகிறது. இழந்த 0.02ஐக் கழித்தால் துரு 0.04 மில்லிமீட்டர் வெளியே துருத்தி நிற்கும். எதிரே இருக்கும் துளைச்சுவரும் அதே அளவு துருத்தும். மொத்தம் 0.08. இடைவெளியோ 0.05தான். தாடை நகர வழியில்லை.

இந்த இறுக்கத்துக்கு நாம் கொடுத்த விலை எவ்வளவு? பக்கத்துக்கு 0.02 மில்லிமீட்டர் இரும்பு. அந்தத் துருவை எடுத்துவிட்டால் மிஞ்சும் இடைவெளி 0.05க்குப் பதில் 0.09. கொஞ்சம் தளர்வுதான், ஆனாலும் வேலை செய்யும். இறுகியிருக்கிறது என்பது இரும்பு போய்விட்டது என்பதற்கு அடையாளமல்ல. துரு வெளியேற வழியில்லாமல் உள்ளே நிற்கிறது என்பதற்கே அடையாளம். அந்த 150 ரூபாயை நம்பிக்கையோடு கொடுத்ததற்கு இதுதான் காரணம்.

கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. துருவை எடுக்கும்போது இரும்பைத் தொடக்கூடாது. கிரைண்டரிலோ கரடான உப்புத்தாளிலோ தேய்த்துப் பளபளப்பாக்கினால், மழை பல மாதம் தின்றதைவிட அதிகமாக நாம் ஐந்து நிமிடத்தில் தின்றுவிடுவோம்.

வெளிக்கூட்டுக்குள் என்ன இருக்கிறது

1902இல் ஆர்தர் ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்கர் இந்த வகைச் சக்குக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன் ஸ்பேனர் போட்டுத்தான் இறுக்க வேண்டும். ஒருமுறை விரல் முட்டி அடிபட்ட பிறகே பல்சக்கரச் சாவியை யோசித்தார் என்பார்கள். இன்று உலகத்தின் எந்தப் பட்டறையிலும் இருப்பது அவர் வடிவமைப்பின் வழிவந்ததுதான்.

வெளியே நாம் திருப்பும் பல்வைத்த கூடு. அதற்குள் அழுத்திப் பொருத்திய நட்டு வளையம். நட்டின் உட்புறம் மரை. நடுவே உடல், அதில் சாய்வாகத் துளைத்த மூன்று வழிகள், வழிக்கு ஒரு தாடையாக மூன்று தாடைகள். பட்டறையில் 'ஜா' என்பது இதைத்தான். தாடையின் முதுகிலும் மரை உண்டு. கூடு சுழன்றால் நட்டு சுழலும். நட்டு சுழன்றால் மூன்று தாடைகளும் சேர்ந்து இறங்கி பிட்டைப் பிடிக்கும்.

நட்டு இரண்டு பாதிகளாக இருக்கும். ஆனால் அதை இரண்டாக வெட்டிச் செய்வதில்லை. முழு வளையமாகக் கடைந்து மரை போட்ட பிறகு, இரண்டாக உடைக்கிறார்கள். உடைந்த முகத்தை விரலால் தடவினால் கற்கண்டு உடைந்ததுபோலச் சொரசொரப்பாக இருக்கும். ஒரு பாதியின் மேடு மறுபாதியின் பள்ளத்தில் மட்டுமே உட்காரும். வெட்டியிருந்தால் வாளின் அகலம் அளவுக்கு மரை தொலைந்திருக்கும். உடைத்ததால் ஒரு இழைகூட வீணாகவில்லை. பார்த்துப் பார்த்து வியந்த விஷயம் இது.

தாடைகளில் 1, 2, 3 என்று எண் குத்தியிருக்கும். மூன்றும் ஒரே மாதிரிதானே, எதை எங்கே போட்டால் என்ன என்று நினைத்துவிடாதீர்கள். நட்டின் மரையைச் சுழல்படிக்கட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முழுச் சுற்றுக்கு 1.5 மில்லிமீட்டர் ஏறுகிறது என்று வைத்தால், மூன்றில் ஒரு சுற்றுத் தள்ளி நிற்கும் அடுத்த தாடை அந்தப் படிக்கட்டை 0.5 மில்லிமீட்டர் உயரத்தில் சந்திக்கும், அதற்கடுத்தது 1 மில்லிமீட்டரில். அதனால் மூன்று தாடைகளின் மரையும் அந்த அளவுக்கு ஏறி இறங்கி வெட்டப்பட்டிருக்கிறது. இடம் மாறினால் மூன்று நுனிகளும் ஒரே மட்டத்தில் சந்திக்காது, பிட் கோணலாக நிற்கும்.

எண்ணெய்க்கு நேரம் கொடுப்பது

துரு கெட்டியான சுவர் மாதிரித் தெரிந்தாலும் உள்ளே நுண்துளைகள் நிறைந்தது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அந்தத் துளைகளில் மெல்லிய எண்ணெய் தானே ஏறும். திரவம் எவ்வளவு நீர்த்ததாக இருக்கிறதோ அவ்வளவு எளிதில் போகும். என்ஜின் ஆயிலைவிட மண்ணெண்ணெயும் டீசலும் இந்த வேலைக்கு ஏற்றவை. மூன்று நாள் டீசலில் ஊறவைத்தேன். நடுநடுவே எடுத்து, துடைத்து, வெந்நீரில் போட்டுச் சூடாக்கி, மறுபடி டீசலில். உருக்கு ஒவ்வொரு டிகிரிக்கும் லட்சத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக விரியும். 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள கூடு 70 டிகிரி சூடேறினால் 0.03 மில்லிமீட்டர் விரிகிறது. துரு அதே அளவு விரியாததால் விரிசல் விடுகிறது. ஆறும்போது அந்த விரிசலுக்குள் எண்ணெய் இழுபடுகிறது. வெல்டிங் நெருப்பைக் காட்ட வேண்டாம். தாடையின் கடினத்தன்மை அந்தச் சூட்டில் போய்விடும்.

நான்காம் நாள் சாவியைப் போட்டதும் கால் சுற்று நகர்ந்தது. முன்னும் பின்னுமாக, முன்னும் பின்னுமாக. பழுப்புக் குழம்பு வெளியே வந்தது. தாடைகளை உடலுக்குள் முழுக்க இழுத்துக்கொண்டு, கூட்டைக் குழாய்த்துண்டின் மேல் தாங்கி, வைஸில் வைத்து உடலை மட்டும் அழுத்தியதும் ஒரு சத்தத்தோடு பிரிந்தது. சுத்தியலால் அடிப்பதைவிட மெதுவாக அழுத்துவதே மேல்.

துருவை மட்டும் கேட்டு வாங்குவது

பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் துலக்கும் பழக்கம் நமக்கு உண்டு. புளியிலிருக்கும் டார்டாரிக் அமிலம் உலோக ஆக்சைடைக் கரைக்கும். வினிகரிலும் இரும்புத் துரு கரையும். ஆனால் அமிலத்துக்கு ஆக்சைடு எது, உலோகம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. துரு தீர்ந்த இடத்தில் இரும்பைத் தின்னத் தொடங்கும். ஓர் இரவுக்குப் பதில் மூன்று நாள் விட்டால் பரப்பு கறுத்துச் சொரசொரப்பாகிவிடும்.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. அமிலம் இரும்பைத் தின்னும்போது ஹைட்ரஜன் வெளிப்படுகிறது. அதில் ஒரு பகுதி அணுவாகவே உருக்குக்குள் நுழைந்துவிடும். மென்மையான உருக்குக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. கடினமாக்கிய உருக்கோ அழுத்தம் வரும்போது எச்சரிக்கையில்லாமல் விரிசல் விடும். இதை 'ஹைட்ரஜன் நொறுங்கல்' எனலாம். சலவை சோடாக் கரைசலில் பேட்டரி சார்ஜரை வைத்துத் துருவை நீக்கும் முறையிலும் இதே ஹைட்ரஜன் உண்டு. அதனால் தாடைகளையும் நட்டையும் நான் அதில் போடவில்லை. அந்த முறையைக் கையாள்பவர்கள் இன்னொன்றையும் மறக்கக்கூடாது: எதிர்த்தகடாக எவர்சில்வரைப் போடாதீர்கள், அதன் குரோமியம் நச்சுப் பொருளாக நீரில் கரையும்.

மிஞ்சும் நல்ல வழிக்குத் தமிழில் அழகான சொல் உண்டு: கொடுக்கிணைப்பு. சில மூலக்கூறுகள் நண்டு தன் கொடுக்குகளால் பிடிப்பதுபோல ஓர் இரும்பு அயனியை இரண்டு மூன்று பக்கமிருந்து கவ்வி நீருக்குள் இழுத்துவிடும். துருவில் இரும்பு ஏற்கெனவே அயனியாக இருக்கிறது, அதனால் கொடுக்குக்குச் சிக்கும். உலோக இரும்பில் அணுக்கள் இன்னும் எலக்ட்ரான்களை விடவில்லை, அதனால் அவ்வளவு எளிதில் சிக்காது. அமிலத்துக்குத் தெரியாத வேறுபாடு இதற்குத் தெரிகிறது.

மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், இப்படிப்பட்ட கொடுக்குள்ள பொருள். அதன் புளிப்பைக் குறைத்துக் கொடுக்கை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு லிட்டர் நீரில் 100 கிராம் எலுமிச்சை உப்பைக் கரைத்து, நீரற்ற சலவை சோடாத் தூள் 60 கிராம் அளவுக்குச் சிறிது சிறிதாகச் சேர்த்தேன். நுரைத்துப் பொங்கும், பெரிய பாத்திரமாக எடுங்கள். டீசல் பிசுக்கைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு பாகங்களை அதில் போட்டேன். ஓர் இரவில் கரைசல் மஞ்சளாகி, தாடைகள் மங்கிய சாம்பல் நிறத்தில் வெளியே வந்தன. 3 என்ற எண் முதன்முறையாகப் படிக்கக் கிடைத்தது.

கூம்புக்கு எண்ணெய் வேண்டாம்

சக்கின் பின்புறம் ஒரு கூம்புத் துளை இருக்கும். இயந்திரத்தின் தண்டு அதில் வெறும் உராய்வால் மட்டுமே பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஆணியில்லை, மரையில்லை. எப்படி விழாமல் நிற்கிறது? இந்த வகைக் கூம்பின் சுவர் நாற்பது மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய அளவே சாய்கிறது. அந்தச் சிறு சரிவில் வழுக்கி வெளியேறும் போக்கைவிட உருக்கின் மேல் உருக்கின் உராய்வு பல மடங்கு அதிகம். ஒருமுறை தட்டி ஏற்றினால் அதுவே பூட்டு.

இங்கே துருத் துணுக்கு ஒன்று மிஞ்சினால் என்ன ஆகும்? 20 மில்லிமீட்டர் நீளக் கூம்பின் ஒரு முனையில் 0.02 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு பொட்டு என்று வைப்போம். சக் ஆயிரத்தில் ஒரு பங்கு சாயும். அங்கிருந்து 100 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும் பிட்டின் நுனி 0.1 மில்லிமீட்டர் விலகும். அது சுழலும்போது இரண்டு பக்கமும் சேர்த்து 0.2. நுண்ணிய துளைக்கு அது தாங்காது. பழைய சக் 'ஆடுகிறது' என்று தூக்கிப்போடும் முன் கூம்பைப் பாருங்கள் என்று சொல்வது இதனால்தான்.

ஃபிட்டர்கள் இதற்கு நீலம் போட்டுப் பார்ப்பார்கள். தண்டில் மெல்லிய பூச்சாக நீலச் சாயத்தைத் தடவி, துளைக்குள் வைத்துத் திருப்பி எடுத்தால், உரசும் மேடுகளில் மட்டும் நீலம் ஒட்டியிருக்கும். அந்தச் சாயம் பிரஷ்ய நீலம், இரும்பின் சேர்மம். ஈவான்ஸ் தன் சொட்டில் இரும்பு எங்கே கரைகிறது என்று காட்டப் பயன்படுத்திய நிறமும் அதே நீலம்தான். துருவைக் காட்டிக்கொடுப்பதும் துரு போனதா என்று சரிபார்ப்பதும் ஒரே பொருள் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

என் சக்கின் கூம்பில் சில குழிகள் இருந்தன. குழியால் கெடுதல் குறைவு, மேட்டால்தான் கெடுதல். மேடுகளை நுண்ணிய உப்புத்தாளால் நீலம் காட்டிய இடத்தில் மட்டும் தொட்டு எடுத்தேன். பிறகு உலர்ந்த துணியால் துடைத்து, எண்ணெய் போடாமலேயே பொருத்தினேன்.

கழுவிய பிறகு வரும் பத்து நிமிடம்

துரு நீங்கிய இரும்பு பச்சைப்புண் மாதிரி. கொச்சிக் காற்றில் ஈரத்தோடு விட்டால் சில நிமிடங்களில் இளஞ்சிவப்பு ஏறத் தொடங்கும். அதனால் கடைசிக் கழுவலைக் கொதிநீரில் செய்ய வேண்டும். இரும்பே சூடாகிவிடுவதால் எடுத்ததும் நீர் ஆவியாகிப் போகும். இடுக்கில் மிஞ்சும் ஈரத்தை விரட்டத்தான் டபிள்யூடி-40 போன்ற தெளிப்புகள். 1953இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் அட்லஸ் ஏவுகணையின் உலோகத் தோலிலிருந்து நீரை விலக்கவே அதைச் செய்தார்கள். பெயரிலுள்ள 40, நாற்பதாவது முயற்சியில் சரியாக வந்தது என்பதைக் குறிக்கிறது. அது ஈரத்தை விரட்டும், ஆனால் நெடுநாள் காவலுக்கு நிற்காது. அதன் மேல் மரைகளுக்கு மெல்லிய கிரீஸும், வெளிப்புறத்துக்கு என்ஜின் ஆயில் துணித் துடைப்பும் வேண்டும். தேங்காயெண்ணெய் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் தடவாதீர்கள். நாள்பட்டால் அது கொழுப்பு அமிலங்களாகப் பிரிந்து உலோகத்தை உறுத்தும்.

ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற பகுதியில் தமிழ் வண்ணார் குடும்பங்கள் தலைமுறைகளாக நடத்திவரும் தோபிகானா இருக்கிறது. சுற்றிலும் ஈரத்துணி, கடற்காற்று. அதற்கு நடுவே கரி போட்ட கனமான இரும்புப் பெட்டிகள் இத்தனை காலம் நீடித்திருக்கின்றன. நாள்தோறும் சூடேறும் இரும்பின் மேல் நீர்ப்படலம் தங்க நேரமில்லை.

உடைந்த நட்டின் இரு பாதிகளையும் சேர்த்து, தாடைகளை 1, 2, 3 என்று வரிசையாக இறக்கி, கூட்டை அழுத்திப் பூட்டினேன். மூன்று நுனிகளும் ஒரே புள்ளியில் மூடிக்கொண்டன. நேரான உருக்குக் கம்பியைப் பிடிக்கவைத்து, டயல் கேஜை முட்டவிட்டு, கையால் ஒரு சுற்றுச் சுற்றினேன். முள் நகர்ந்தது 0.08 மில்லிமீட்டர். புதுச் சக் இதைவிட நன்றாக ஓடும். மரத்துக்கும் தகட்டுக்கும் துளை போட இது தாராளம்.

உங்கள் பெட்டியிலும் இளகாத சக் ஒன்று இருந்தால், எடைக்குப் போடும் முன் மூன்று நாள் டீசலில் போட்டுவையுங்கள். இளகி வந்தால் மே மாதம் முடிவதற்குள் எண்ணெய்த் துணியால் ஒருமுறை துடைத்து மூடிய டப்பாவில் வையுங்கள். ஜூன் முதல் வாரத்தில் கொச்சியில் மழை தொடங்கிவிடும்.